சௌகரியதாரர் வடிவமைத்த கியர் ஸ்டாண்டு

சௌகரியதாரர் என்று ஓர் இனம் நம் நடுவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. பெயர் நான் வைத்தது. இனம் வெகு நாளாக இருப்பது. மற்றவர்களின் சௌகரியத்துக்காகவே பிறவி எடுத்தவர்கள் இவர்கள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் 'ஃப்ரீயா இருங்க' என்று சாய்ப்பார்கள். சாய்ந்து உட்கார்ந்திருந்தால் முதுகு கெட்டுவிடும் என்று நிமிர்த்துவார்கள். ஆசைப்பட்டு இடம்பிடித்த ஜன்னலோரத்திலிருந்து, வெயில் படுகிறது என்று உங்களை எழுப்பிக் கொண்டுபோய்க் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் குளுகுளுவென்று உட்கார வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும், "இப்ப வசதியா இருக்குல்ல?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லும் துணிவு உங்களுக்கு உண்டா? எனக்கு இல்லை.

முடிச்சூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல்தளத்தில் குடியிருக்கும் ஜெர்சன் இந்த இனத்தில் முதல் தரம். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் சுலபமாகச் சமாளித்துவிடலாம். நாவலூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு உத்தியோகமே சௌகரியம் செய்து கொடுப்பதுதான். லாரி, பஸ் மாதிரிப் பெரிய வண்டிகளில் டிரைவரின் கைக்கு எது எங்கே எட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைகிறார். அந்தக் கம்ப்யூட்டருக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை மனிதன் இருக்கிறான். ஆயிரக்கணக்கான டிரைவர்களை அளந்து, கூட்டி, வகுத்து எடுத்த சராசரி மனிதன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவான். அவனுக்குத் தோள் வலிக்காது. குறுக்கே ஷேர் ஆட்டோவும் வராது. ஜெர்சனுக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம்.

போன வருடம் அந்தப் பொம்மைக்காக ஜெர்சன் ஒரு கியர் ஸ்டாண்டு வடிவமைத்தார். தரையிலிருந்து முளைத்து நிற்கும் நீளமான கியர் ராடை எடுத்துவிட்டு, சீட்டின் இடது பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் குட்டையாக ஒரு ராடு. குனிய வேண்டாம், எட்ட வேண்டாம், கை தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். நல்ல யோசனைதான், நானே ஒப்புக்கொள்கிறேன். அதை ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜெர்சனின் மனைவி பிளஸ்ஸி ஆசிரியை, நான் அங்கே நூலகன். நாங்கள் தினமும் போகும் கல்லூரி பஸ்ஸே அகப்பட்டது.

அந்த பஸ்ஸின் டிரைவர் துளசிங்கம். இருபத்தாறு வருட சர்வீஸ். அப்போது இடது தோள் இறுகிப் போய் ஆறு மாதமாகியிருந்தது. கல்லூரியின் போக்குவரத்து ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: புது ஸ்டாண்டு ஒத்துவந்தால் ஓட்டலாம், ஒத்துவராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் காவலுக்குப் போக வேண்டியதுதான்.

"கேட்டாண்ட குந்திகினு வர்றவன் போறவனுக்கு சலாம் வெக்கறதுக்கா சார் நான் லைசென்ஸ் எடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

ஸ்டாண்டு பொருத்திய அன்று ஜெர்சன் டீ வாங்கிக் கொடுத்தார், தோளில் தட்டினார் (வலிக்கிற தோளில்), கையில் ஒரு படிவத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வசதியா இருக்குல்லண்ணா?"

"சூப்பரா கீது சார்."

பத்துக்கு ஒன்பது என்று எழுதிக்கொண்டார். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அவருடைய தன்னடக்கம்.

இரண்டாவது வாரம், பெருங்களத்தூர் நெரிசலில், டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் இருந்த நான் ஒரு விஷயத்தைப் பார்த்தேன். துளசிங்கம் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டிக் கியர் போட்டார். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ். பிளஸ்ஸியும் பார்த்துவிட்டார். அன்றைக்கே வீட்டில் ஜெர்சன் காதுக்கு விஷயம் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் ஜெர்சனே பஸ்ஸில் ஏறி டிரைவர் பக்கத்தில் நின்றார். துளசிங்கம் சீட்டின் நுனிக்கு வந்து, மார்பு ஸ்டியரிங்கில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு பாவம், அவருடைய இடுப்புக்குப் பின்னால் நின்றது. முதுகு சொறிகிற மாதிரி முழங்கையைப் பின்னால் கொண்டுபோனால்தான் ராடு கைக்கு வரும். இதைப் பார்த்ததும் ஜெர்சன் முகம் மலர்ந்துவிட்டது. தவறு ஸ்டாண்டில் இல்லையே, ஆளிடம் அல்லவா இருக்கிறது?

"அண்ணா, நீங்க உக்கார்றதுதான் தப்பு. நல்லா பின்னாடி சாஞ்சு உக்காருங்க."

சாய்ந்தார். கை அழகாக ராடின்மேல் போய் உட்கார்ந்தது. பொம்மையேதான். "பாத்தீங்களா?" என்று ஜெர்சன் எங்கள் பக்கம் திரும்பினார். வண்டலூர் அருகே, பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. சாய்ந்திருந்த துளசிங்கத்துக்கு அது கடைசி நொடியில்தான் தெரிந்தது. பிரேக் போட்ட வேகத்தில் ஜெர்சன் படிக்கட்டுக்கே போய்விட்டார். ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

"சாஞ்சிகினா இவனுங்க கண்ணுக்குத் தெரிய மாட்டானுங்க சார். அதுக்குத்தான் முன்ன வந்து குந்தறது," என்றார் துளசிங்கம், பழையபடி நுனிக்கு வந்துகொண்டே.

ஜெர்சன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். அப்போது பிளஸ்ஸி முன்னால் போய் நின்றார்.

"துளசிங்கண்ணா, வசதியா இருக்கான்னு நான் கேக்கல. எங்க வலிக்குது?"

கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார் துளசிங்கம். பிறகு ஊரப்பாக்கத்திலிருந்து பொத்தேரி வரை அவர் வாய் ஓயவில்லை. எந்தக் கியருக்குத் தோளில் எந்த இடம் பிடித்துக்கொள்கிறது, ராத்திரி எந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, எல்லாம் வந்தது. "இந்த ஸ்டாண்டை நாலு வெரல் முன்னாடி தள்ளி வெச்சா போதும் மேடம். மாட்டின அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றார் ஜெர்சன்.

"சொன்னா இன்னா எழுதுவாங்க சார்? ஸ்டாண்டு சரியில்லன்னா எழுதுவாங்க? இவனால ஓட்ட முடியலன்னு எழுதுவாங்க. அப்பாலே கேட்டாண்ட காவல்தான்."

ஜெர்சன் குனிந்து, ஸ்டாண்டுக்கு முன்னால் நாலு விரல் வைத்து அளந்து பார்த்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பத்து நாளில் ஸ்டாண்டின் அடியில் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டம் வந்தது. ஓட்டுகிறவர் தானே முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டிக்கொள்ளலாம். துளசிங்கம் நகர்த்தினார், பூட்டினார், அன்றிலிருந்து இடது கையால்தான் கியர் போடுகிறார்.

ஜெர்சன் திருந்திவிட்டாரா? திருந்தாமல் என்ன. இப்போது எங்கள் குடியிருப்பில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க வலிக்குது?" என்று கேட்கிறார். வலிக்கவில்லை என்றால் விடுவதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் கடைசியாக 'சூப்பர்' என்று சொன்னவர் யார்? உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரா? உங்கள் வீட்டில் சமைக்க வருகிறவரா? இல்லை என்று சொன்னால் அவருக்கு எது போய்விடும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது அவர் எந்தக் கையால் கியர் போடுகிறார் என்றும் மெல்லப் பார்த்துவிடுங்கள்.