குப்பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை

ஜெலுத்தோங்,
ஞாயிறு காலை, பசியாறுவதற்கு முன்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சுப்பையா அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் தங்கை குணவதியின் வீட்டுக்காரன் அங்கமுத்து இரு கை கூப்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மாத்திரைகளின் தயவில் சுகம். நிபோங் திபாலில் நீங்களும் வீட்டாரும் மாத்திரை இல்லாமலே சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். மச்சான், இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். எழுத்துகள் பெரிதாக இருப்பதைப் பார்த்து நான் சத்தம் போடுவதாக நினைக்க வேண்டாம். சின்னதாக எழுத இன்னும் சொல்லித் தரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் சாந்தினி தன் கல்யாணப் பத்திரிகையை எல்லா உறவுக்கும் ஒரே தட்டில் ஈமெயிலாக அனுப்பியதும், உங்கள் கம்ப்யூட்டர் அதை ஸ்பேம் என்று குப்பைக்குத் தள்ளியதும், தொப்பை கரைக்கும் மருந்துக்கும் உடனடிக் கடனுக்கும் நடுவே அது கிடந்ததும், அதைக் கண்டுபிடித்த நீங்கள் குணவதிக்குப் போன் போட்டு, “குப்பைக்கு வந்த பத்திரிகைக்கு நான் வரமாட்டேன்லா. தாய்மாமன் மாலைய அந்தக் கம்ப்யூட்டரையே போடச் சொல்லு” என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து குணவதி குழம்பில் உப்புப் போடுவதில்லை. தாய்மாமன் மாலை விழாமல் என் பெண் மணவறை ஏறமாட்டாள் என்கிறாள். ஆகவே நான் மகளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறதுக்கு என்னம்மா?”

“முந்நூறு பேருப்பா. லீவு எங்க கெடைக்குது? இப்ப எல்லாரும் இப்படித்தான் அனுப்புறாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லா கம்பெனியும்.”

“உங்க மாமா கஸ்டமரா?” என்று கேட்டேன். பிள்ளை அழுதுவிட்டது. பிறகு நான்தான் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

ஆனால் மச்சான், உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த ஸ்பேம் விஷயத்தில் நானே கொஞ்ச நாள் எதிர்க்கட்சியில் இருந்தேன். வகுப்பில் வாத்தியார் வாரத்துக்கு ஒரு பாடம்தான் தருகிறார். என் போனிலோ விடிந்தால் போதும், படிக்கப் படிக்கக் கடிதங்கள். ஜோசியர் எழுதுகிறார், நகைக்கடை எழுதுகிறது. சொந்த மகள் “அப்பா சாவி எங்க” என்பதோடு முடித்துக்கொள்ளும்போது, முகம் தெரியாத ஒரு ஜவுளிக்கடை “எங்கள் நெஞ்சில் நிறைந்த திரு. அங்கமுத்து அவர்களே” என்று தொடங்கினால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கடை போன வாரம் புதுக் கிளைத் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தது. “தங்கள் வருகையை வழிமேல் விழி வைத்து எதிர்பார்க்கிறோம்” என்று வேறு. இவ்வளவு சொன்னபின் போகாமலிருப்பது மரியாதையா? பட்டு வேட்டி கட்டி, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

“அங்கமுத்து வந்திருக்கேன்னு மொதலாளிகிட்ட சொல்லும்மா” என்றேன் கல்லாவில் இருந்த பெண்ணிடம்.

“எந்த அங்கமுத்து, அங்கிள்?”

“நெஞ்சில் நிறைஞ்ச அங்கமுத்து.”

“அது எல்லாருக்கும் போறதுலா அங்கிள். நம்பர் எடுத்துக்கிட்டு வரிசையில நில்லுங்க.”

தட்டோடு வெளியே வந்து நின்றேன். வாசல் காவலாளி கமால் என்னைப் பார்த்து, “எனக்குந்தான் வந்துச்சுங்கய்யா, கட்டாயம் வாங்கன்னு. நான் இங்கதானே ஆறு மாசமா நிக்கிறேன்!” என்று சொல்லி ஒரு பழத்தை உரித்துக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் மச்சான், உங்கள் வேதனை எனக்கு உறைத்தது. வாசலில் நின்று ‘வாங்க’ என்று சொல்ல முடிகிற அளவுக்குத்தான் ஒருவன் ஆட்களை அழைக்க வேண்டும். வீடு மாறி நுழைந்தவன்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவான். இந்தக் கடைக்காரர்களோ கேட்காமலே நம் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, ‘வேண்டாமென்றால் இங்கே அழுத்தவும்’ என்று நமக்கு வேலை வைக்கிறார்கள். நான் அழுத்தினேன். மறுநாளே “எங்களைப் பிரிய மனம் துணிந்த திரு. அங்கமுத்து அவர்களே” என்று இன்னொன்று வந்தது.

ஆகவே ஒரு மனிதருக்கு ஒரு கடிதம், அதுதான் முறை. இது உங்களுக்கென்றே, உங்கள் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதியது. குணவதி நேற்றுக்கூட, “எங்க மூணு அண்ணன்ல மனுசன்னா இவரு ஒருத்தர்தான்” என்று கண் கலங்கினாள். இதை மற்ற இருவரிடமும் காட்டிக்கொள்ள வேண்டாம். முதல் மாலை உங்கள் கையால்தான் விழ வேண்டும். வேறு யார் வந்தாலும் உங்களுக்குப் பின்னால்தான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. நடுவில் இருப்பவர்கள் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
அங்கமுத்து

பின்குறிப்பு (இரண்டு நாள் கழித்து): உங்கள் பெயரும் இந்தப் பின்குறிப்பும் மட்டும் நீல மையில் இருப்பதைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு கடிதம் எழுதுவதற்குள் விரல் வீங்கிவிட்டது. நீங்கள் மூன்று மச்சான்களும் ஒரே ஊர், போனில் ஒரே வசனத்தைத்தான் சொன்னீர்கள். நகல் கடை ஜாஹிர், “கோவம் ஒண்ணுதானேய்யா, எதுக்கு மூணு தடவ எழுதுறீங்க? பேர மட்டும் எழுதாம விட்டுட்டுக் குடுங்க” என்றார். குடுத்தேன். மிஷின் சொன்ன பேச்சுக் கேட்காமல் ஒரு கட்டு அடித்துத் தள்ளிவிட்டது. என் கையெழுத்து வீணாகக் கூடாதென்று மிச்சத்தை எங்கள் பிளாட் தபால் பெட்டிகளில் எல்லாம் போட்டேன். இன்று காலை லிஃப்டில் நாலாம் மாடிக் கோகுலன், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “மச்சான், மொத மாலய நானே வாங்கிட்டு வந்துர்றேன்” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆகவே நீங்கள் மூவரும் கொஞ்சம் முன்னதாகவே வந்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.