மலையைப் புகழ்ந்தவன்

இந்தத் தடவை முடிவு என்னுடையது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இது என் முதல் முடிவு. அதனால் கொஞ்சம் தடபுடலாகவே செய்தேன். தலை வாரி, தொண்டையைச் செருமி, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு உலகம் தெளிவாகத் தெரிவது என் தயவில்தான். என் மனைவி மட்டும் கண்ணாடி போடுவதில்லை. அவளுக்கு எல்லாமே தெரிகிறது. நான் இன்னும் செய்யாததுகூட.

எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம். பத்து நாள். போகக்கூடியவை இரண்டு நாடுகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்று மலைநாடு, மற்றது கடல்நாடு. எனக்கு வேண்டியது கடல். கரையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டுப் படுத்தால் சுற்றுலா முடிந்தது. மலை அப்படியில்லை. ஏற வேண்டும். ஏறிய குற்றத்துக்கு இறங்கவும் வேண்டும். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே எனக்குத் தலை சுற்றும்.

நேராகவே கடல் என்று கேட்டிருக்கலாம். அது அனுபவமில்லாத கணவன் செய்கிற வேலை. நான் நீலம் என்றால் அவள் பச்சை என்பாள். சோபாவை ஜன்னலோரம் போடலாம் என்று வாய் தவறிச் சொன்னால் அது வாசலோரம் போய்விடும். ஆகவே மலையைப் புகழ வேண்டும். அவள் கடல் என்பாள். நான் மனமில்லாமல் தலையாட்ட வேண்டும். மனமில்லாமல் தலையாட்டுவதில் எனக்கு இருபத்தோரு வருஷப் பயிற்சி.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"மலைநாட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"காத்து நல்லா இருக்குமாம்."

"கடல்ல காத்து அடிக்காதா?"

"அது பிசுபிசுன்னு இருக்கும்."

"உங்களுக்குத்தான் உயரம்னா பயமாச்சே."

"அந்தப் பயமெல்லாம் எப்பவோ மலையேறிப் போச்சு."

"பயம் ஏறினா போதுமா? நீங்க ஏற வேண்டாமா?"

அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். பிறகு, "எனக்கென்னவோ கடல்னுதான் தோணுது" என்றாள்.

எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன். "கடலா" என்றேன், பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் குரலில்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல நடிகன் பாதியில் மேடையைவிட்டு இறங்குவானா? அந்த வாரம் முழுக்கச் சோகமாக இருந்தேன். காபியைப் பாதியில் வைத்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒரு சிகரத்தைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வழியே பார்த்தேன். புதன்கிழமை மட்டும் பதினோரு பெருமூச்சு விட்டேன்.

"அவ்வளவு ஆசையாங்க மலைமேல?" என்றாள்.

"அத விடு. உனக்காகக் கடல்னா கடல்தான். நான் கொடுத்துவைக்கல."

அவள் கண் கலங்கியது. என் திறமையை நினைத்து எனக்கே கலங்கியது.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்தால் கூடத்தில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். உட்கார்ந்திருக்கும்போதும் அட்டென்ஷனில்தான் இருப்பார். மேஜைமேல் இரண்டு கவர்கள்.

"எப்பவும் எனக்காகவே விட்டுக்கொடுக்கறீங்க" என்றாள் மனைவி. "இந்த ஒரு ஆசையையும் நான் கெடுக்கக் கூடாது. அதனால நானும் தங்கச்சியும் கடல்நாடு போறோம். நீங்களும் அண்ணனும் மலைநாடு. டிக்கெட் போட்டாச்சு."

"எனக்குக் கடலும் பிடிக்கும்" என்றேன்.

"எனக்காகத்தானே சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

மைத்துனர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, காலைல அஞ்சுக்குக் கிளம்பினா ஒரு நாளைக்கு ரெண்டு சிகரம் முடிச்சிடலாம். நடுவுல நாலு கயித்துப் பாலம் வருதாம். கீழ பார்க்காம நடந்தாப் போதும்."

அப்போதும் நான் மனம் தளரவில்லை. திட்டம் தோற்றிருக்கலாம். நடிப்பு தோற்கவில்லை. இருபத்தோரு வருஷம் என்னை ஊடுருவிப் பார்த்தவளையே ஒரு வாரம் ஏமாற்றிவிட்டேன். அந்தப் பெருமையை மலையுச்சியிலிருந்து உருண்டு விழும்போதுகூட யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

கிளம்புவதற்கு முதல்நாள் அவளே என் பெட்டியை அடுக்கினாள். கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லாய், முழங்கால் தைலம்.

"எல்லாம் வச்சாச்சா?" என்றேன், பெருந்தன்மையாக.

"வச்சாச்சு" என்று ஜிப்பை இழுத்தாள். "கடையில லென்ஸ் அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தீங்களே பூப்போட்ட நீச்சல் டவுசர், அத மட்டும் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கொடுத்துட்டேன். அவரும் எங்ககூட கடலுக்கு வர்றார்."