முதல் வாரத்துக்காரர்

நம் ஊரில் முதல் வாரத்துக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. தாம்பரத்தில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். என்றைக்கோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பார். அங்கே பல வருஷம் சௌக்கியமாக இருந்து, உடம்பு ஒரு சுற்றுப் பெருத்து, முழுசாகத் திரும்பி வந்து, மாடி வைத்து வீடு கட்டி, வாசலில் அந்த ஊர்ப் பெயரையே பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருப்பார். ஆனால் வாயைத் திறந்தால், மனிதர் இன்னும் அந்த ஊர் விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருப்பார். முதல் வாரம் அவருக்கு முடிவதே இல்லை.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் துரைராஜ் சார். ஜாம்பியாவில் ஒன்பது வருஷம் பூகோள வாத்தியாராக இருந்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர். வீட்டின் பெயர், அந்த நாட்டுத் தலைநகரான ‘லுசாகா’. அது சாருடைய மாமியாரின் பெயர் என்று தபால்காரர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாரின் முதல் வாரம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விமானத்தை விட்டு இறங்கினால் அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. வந்த லாரியில் மூட்டைகளோடு மூட்டையாக ஏறி ஊர் போய்ச் சேர்ந்தால் பள்ளிக்கூடத்தில் பூட்டு தொங்குகிறது. அந்த ஊர் ஜூன் மாதக் குளிரோ எலும்பைக் குடைகிறது. இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கல்யாணப் பட்டு வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பசி. திரி ஸ்டவ்வைப் பற்றவைக்கலாம் என்றால் மண்ணெண்ணெய் இல்லை. பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்று, மறுநாள் வகுப்புக்குப் போனால் இவர் இங்கிலீஷ் பையன்களுக்குப் புரியவில்லை, பையன்கள் இங்கிலீஷ் இவருக்குப் புரியவில்லை. கேட்பவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கல்யாணப் பந்தியில், ரேஷன் க்யூவில், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில், ஒருமுறை துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்தில் காத்திருந்தது முதலில் ஒரு மணி நேரமாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் வளர்ந்து, போன பொங்கலுக்கு ஒரு பகல் முழுக்க ஆகிவிட்டது.

சரி, இரண்டாவது வாரம்? அப்படி ஒன்று அந்த நாட்டில் உண்டா என்றே எங்களுக்குத் தெரியாது. கதை பையன்களுக்கு இங்கிலீஷ் புரியாத இடத்தில் நிற்கும். ‘பட்டபாடு கொஞ்சமா!’ என்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். காபி வரும்.

இந்த இனத்தார் வெறுமனே கதை சொல்லிவிட்டுப் போனால் நமக்கென்ன நஷ்டம்? கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் இவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்கும் வழக்கம் ஒன்று இருக்கிறதே! யார் வீட்டிலிருந்து யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் பாஸ்போர்ட் வரும். அடுத்து வேலை உத்தரவு வரும். மூன்றாவதாக முதல் வாரத்துக்காரர் வருவார். அவருக்கு பஜ்ஜி போட்டு, ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டு, ‘கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்’ என்பார்கள். எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று அவர் கேட்க மாட்டார். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவருடைய உலகப் படத்தில் இரண்டே இடங்கள்: ஒன்று தாம்பரம், இன்னொன்று வெளிநாடு.

அப்படித்தான் அவர் ஹில்டா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஹில்டா எனக்கு எதிர்வீட்டுப் பெண். கணக்கில் எம்.எஸ்ஸி., பி.எட். நான்கு வருஷமாக யாராவது டீச்சர் பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் போய்ப் பாடம் நடத்துவாள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊரில் யார் வயிற்றைப் பார்த்தாலும் தனக்கு வேலை எப்போது என்று கணக்குப் போடத் தோன்றுகிறது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. மறுநாள் காலையில் ஏஜென்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மறுநாள் என்றால் மறுநாள்தான். அடுத்த பெண் தயாராக இருக்கிறாள். அம்மா பேபியக்கா ‘சரி’ சொன்னால் போதும். தகப்பன் இல்லாத வீடு, ஒரே பெண். அம்மாவை அழவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது.

பேபியக்கா பாதி சரி சொல்லியிருந்தார். மீதிப் பாதிக்காகத்தான் துரைராஜ் சாரைக் கூப்பிட்டது. எனக்கும் பஜ்ஜி உண்டென்றார்கள், போயிருந்தேன்.

“நான் போய் எறங்கினேன் பாருங்க பேபிம்மா, ஒரு ஈ காக்கா இல்ல ஏர்போர்ட்ல!” என்று சார் ஆரம்பித்தார்.

“ஐயோ மாதாவே! ஆம்பளைக்கே இந்தக் கதின்னா!”

“குளிரு வேற. கம்பளி ரெண்டு, ஸ்வெட்டர் மூணு எடுத்து வைங்க.”

“சார், மாலத்தீவுல குளிராது சார். நம்ம ஊரு மாதிரிதான், வெயிலு” என்றாள் ஹில்டா.

“வெளிநாடும்மா!” என்றார் சார், பரிதாபமாக. “அரிசி ஒரு மூட்டை கட்டாயம். அங்கெல்லாம் சோறு கண்ணுல காமிக்க மாட்டான்.”

“அங்க சோறும் மீன் கொழம்பும்தான் சார் சாப்பாடே.”

“இப்படித்தான் எங்கிட்டயும் சொல்லி அனுப்பிச்சாங்க.”

சார் லாரியில் ஏறினார். பள்ளிக்கூடத்தில் பூட்டு தொங்கியது. வேட்டி தலைக்கு ஏறியது. பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைக்கும் இடத்தில் பேபியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்தார்.

“நீ போவ வேணாம் ஹில்டா. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? இங்கியே எதுனா லீவு வேகன்ஸி வரும்.”

ஹில்டா அம்மாவைப் பார்த்தாள். பஜ்ஜித் தட்டைப் பார்த்தாள். சாரோ, தன் கதைக்கு ஒருத்தர் வாய்விட்டு அழுததில் முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிடலாமா என்றிருந்தது. ஹில்டா கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளிடம் அடுத்த வரி என்ன என்று கேட்கிற கணக்கு டீச்சர் குரலில் கேட்டாள்.

“சார், ரெண்டாவது வாரம் என்ன ஆச்சு?”

சார் கையில் எடுத்த பஜ்ஜி கையிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

“ரெண்டாவது வாரமா?”

“ஆமா சார். ஒம்பது வருஷம் இருந்தீங்களே.”

“ரெண்டாவது வாரம்...” சார் யோசித்தார். வெகுநாளாகத் திறக்காத அலமாரியில் எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தது முகம். “ஒண்ணும் ஆகலியேம்மா. கிளாசுக்குப் போனேன், வந்தேன். பக்கத்து வூட்டம்மா மக்காச்சோள மாவுல களி கிண்டிக் குடுத்தாங்க. நம்ம களி மாதிரிதான், கீரை தொட்டுக்கினு சாப்பிட்டேன். நல்லாதான் இருந்துது. சனிக்கெழம பசங்க வந்து வூட்டுப் பின்னாடி கொத்திக் குடுத்தாங்க, வெண்டக்கா போட்டேன்.”

“அப்புறம் சார்?”

“அப்புறம் வெண்டக்கா காய்ச்சுது. ஊர்லேர்ந்து எம் பொஞ்சாதி காந்திமதியக் கூட்டிக்கினேன். பெரியவன் அங்கதான் பொறந்தான். பக்கத்து வூட்டம்மாதான் பிரசவத்துக்குக் கூட இருந்தாங்க.” சாரின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “நாங்க கெளம்பறப்ப அந்தம்மா பஸ் பின்னாடியே கொஞ்ச தூரம் வந்துது. காந்திமதி ரெண்டு நாள் சாப்பிடல.”

பேபியக்கா விம்மலை நிறுத்திவிட்டார்.

“இதெல்லாம் ஏன் சார் இத்தன நாளா சொல்லல?” என்றேன் நான்.

சார் என்னை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நல்லா இருந்தேன்னு சொன்னா யாருய்யா உக்காந்து கேப்பாங்க? சந்தோஷம்னு சொல்லிட்டு எழுந்து பூடுவாங்க.”

இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? நாங்களும் அப்படித்தானே எழுந்து போயிருப்போம்! பட்ட கஷ்டத்துக்கு நாற்காலியும் காபியும் போட்ட தெரு, வெண்டைக்காய்க்கு என்ன போட்டிருக்கும்?

பேபியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அப்போ அரிசி மூட்ட வேணாமா சார்?”

ஹில்டா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் அழுதது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. இந்த முறை யாரும் பயப்படவில்லை.

சார் அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஹில்டாவை வழியனுப்பத் தெருவே வேன் பிடித்து மீனம்பாக்கம் போனோம். முன் சீட்டில் சார். பல்லாவரம் தாண்டும்போதே டிரைவரிடம், “நான் போய் எறங்கினேன் பாருங்க” என்பது காதில் விழுந்தது. ஹில்டா போய்ச் சேர்ந்ததும் என் வீட்டுக்குப் போன் செய்தாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் தங்கம், தலைமையாசிரியையின் தங்கையோடு அறை, பெட்டி மட்டும் தீவுக்கு அடுத்த படகில் வந்தது என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பேபியக்கா மாதா கோயில் வாசலில் நான்கு பேரை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நடுக்கடல்ல பொட்டி இல்லாம, மாத்துத் துணி இல்லாம, எம்பொண்ணு பட்டபாடு!” பேபியக்கா மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை. இந்த இனத்தில் சேர பாஸ்போர்ட் தேவையில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் மாம்பலத்து வாடகை வீட்டை விட்டுவிட்டுப் பெருங்களத்தூரில் மனை வாங்கிக் குடிவந்தவர்தானே? குடிவந்த முதல் வாரம் கரண்ட் இல்லாததையும், கிணற்றடியில் பாம்பு வந்ததையும், முழங்கால் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்ததையும் வருகிறவர்களுக்கெல்லாம் எத்தனை ரசித்துச் சொல்கிறீர்கள்! பிறகு வந்த தார் ரோட்டைப் பற்றி, சாயங்காலக் காற்றைப் பற்றி, ஜுரத்தில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? பக்கத்து மனை விலைக்கு வந்தபோது உங்கள் தம்பி கேட்டாரே, ‘அண்ணா, இங்கியே வந்துடலாமா?’ என்று. நீங்கள் பாம்பிலிருந்துதான் ஆரம்பித்தீர்கள்.

தம்பி ஆவடியில் வீடு கட்டிவிட்டார். உங்களைப் பார்க்க வர வேண்டுமென்றால் மூன்று பஸ் மாற வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி வருகிறார்.