குலம் கேட்ட சோணைமுத்து

“குலத்தில் எந்த இரு உறுப்புகளைச் சேர்த்தாலும் கிடைப்பது அதே குலத்தில்தான் இருக்க வேண்டும்.”

வேல்விழி சத்தம் போட்டுப் படித்ததும் அப்பா சோணைமுத்துவுக்குக் காப்பி புரையேறியது. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் மனுஷன், மகளை விருதுநகரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிப்பில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகிறது.

“ஏ பிள்ள, என்ன எழவப் படிக்கே? நானும் உங்கம்மாவும் குலம் பாக்காமக் கட்டிக்கிட்டு ஊரை விட்டே ஓடியாந்தவுக!”

“இது கணக்குப்பா.”

“கணக்குல நம்பரு எங்கன?”

“இது தூய கணிதம்ப்பா. நம்பரு இருக்காது.”

“குலத்துல தூய்மை வேறயா!”

வேல்விழி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அங்கே கொட்டை எழுத்தில் ‘உட்குலம்’. போதாதா?

“நீ படிச்சுக் கிழிச்சது போதும். நாளைக்கே டிசிய வாங்கிருவோம்” என்றார்.

மறுநாள் கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டார். மகளை வெளியே நிறுத்திவிட்டு, பேராசிரியர் சீனிவாசகத்தின் அறைக்குள் நுழைந்தார்.

“சார், இந்தப் படிப்புல தூய கணிதம் எம்புட்டு வருது?”

“பாதிக்குப் பாதி வரும்ங்க. அது இல்லாமப் புள்ளியியல் நிக்காது.”

“அப்ப டிசியக் குடுங்க!”

சீனிவாசகம் பதறிப்போனார். வகுப்பில் இருப்பதே பதினோரு பிள்ளைகள்.

“உக்காருங்க. பத்து மணிக்கு லோடு ஏத்துன லாரி அஞ்சு மணி நேரம் ஓடினா எப்பப் போய்ச் சேரும்?”

“மூணு மணிக்கு.”

“பதினஞ்சுன்னு சொல்லலைல்ல? கடிகாரத்துல எதை எதோட கூட்டினாலும் அந்தப் பன்னெண்டுக்குள்ளயே வந்துருது. இதைத்தான் குலம்ங்கோம். அதுலயே மூணு, ஆறு, ஒம்பது, பன்னெண்டை மட்டும் எடுத்தா உட்குலம்.”

சோணைமுத்து விரல் விட்டுப் பார்த்தார். “ஆறும் ஒம்பதும் சேந்தா மூணு. அட, வெளிய போகலையே! இம்புட்டுத்தானா சார்?”

“இம்புட்டுத்தான்.”

“நல்லாயிருப்பீக சார். எம்மகளுக்கு நீங்க வாத்தியாராக் கிடைச்சது நாங்க செஞ்ச புண்ணியம்.” கையெடுத்துக் கும்பிட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தவரைக் கல்லூரி ஆயா அய்யம்மாள் மறித்தாள்.

“அண்ணே, நீங்க நூறு வருசம் இருக்கணும்! சார் போர்டுல எழுதுனது ஒரு பிள்ளைக்கும் விளங்கல. இப்பச் சன்னலோரமா நின்னு கேட்டு, பதினோரு பேரும் நோட்டுல எழுதிக்கிட்டாக. அடுத்த பாடம் வளையமாம். அதுக்கு அவுக அம்மாவை உசுப்பிவிட்டுக் கூட்டியாரேன்னு வேல்விழி சொல்லியிருக்கு!”