முப்பத்திரண்டில் மெலிந்த குரல்

தோல் தொழிலில் இருப்பவனுக்குச் சந்தேகம்தான் சோறு போடும். வெள்ளாட்டுத் தோல் என்று வந்து இறங்குவது செம்மறித் தோலாக இருக்கும். கொண்டுவந்தவர் பிள்ளைமேல் சத்தியம் செய்வார். நானோ ஆம்பூர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன். போதாததற்குப் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. (டீக்கடையில் பாலைக் கண்ணெதிரே ஊற்றச் சொல்வேன். ஊற்றிய பிறகும் நம்ப மாட்டேன்.) அப்படிப்பட்டவன், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் குரலையே சந்தேகப்பட்டேன்.

எம்பி3 பிளேயர் ஊருக்குள் வந்த புதிது. வேலூரில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த ஸ்டெல்லாவுடன் எனக்கு நிச்சயமாகியிருந்தது. நான் போட்ட ஒரே கண்டிஷன், பெண்ணுக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். சர்ச் பாடகர் குழுவில் தனிப்பாட்டே அவள்தான் என்றார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். முதல் ஓலை முடிந்ததும், அவள் பாடிய சிடியை இரவல் வாங்கினேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் தோஸ்த் நசீர் அதை எம்பி3யாக மாற்ற உட்கார்ந்தான்.

"இன்னா நம்பர்டா போடறது? நூத்தி இருபத்தெட்டு இருக்குது, அறுபத்திநாலு இருக்குது, முப்பத்திரெண்டு இருக்குது."

எனக்குத் தெரியாததா? கனத்த தோல் பூட்ஸுக்குப் போகும். மெல்லிசாகச் சீவிய தோல்தான் சீமாட்டிகளின் கையுறைக்குப் போகும். மெல்லிசுக்குத்தான் மவுசு.

"முப்பத்திரெண்டு போடு. நைஸா இருக்கும்."

"இடமும் கம்மியா பிடிக்கும்," என்று அவனும் ஒத்து ஊதினான். சிடியை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் இயர்போனை மாட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து யாரோ பாடினார்கள். 'ச' வரும் இடமெல்லாம் எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். முதலில் இயர்போனைச் சந்தேகப்பட்டேன். பஜார் கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு வாங்கினேன். அதிலும் அதே தொட்டி. கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த பாட்டுகள் மட்டும் கணீரென்று கேட்டன. ஆக, மெஷினும் நிரபராதி, இயர்போனும் நிரபராதி. மிச்சம் இருந்தது பெண்ணின் தொண்டை. ஐயோ, எதையோ மறைத்து என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்! இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

வருங்கால மாமனார் காபி கொடுத்து உபசரித்தார். நான் நைசாக ஆரம்பித்தேன்.

"மாமா, ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயசுல தொண்டையில ஏதாவது ஆபரேஷன்..."

"இன்னா மாப்ளே கேக்கறீங்க?"

இயர்போனை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டவர் முகம் இரங்கியது. "யாரு இது? பாவம், நெஞ்சுல சளி கட்டியிருக்குது."

"உங்க பொண்ணுதான் மாமா."

சமையற்கட்டிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். வாங்கிக் கேட்டாள். அலமாரியிலிருந்த அதே சிடியை வீட்டு பிளேயரில் போட்டாள். அதே பாட்டு. ஆனால் என்ன குரல்! வரிக்கு வரி அவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண்ணையா கைநழுவ விடப் பார்த்தேன்?

"இன்னா நம்பர்ல மாத்தினீங்க?"

"முப்பத்திரெண்டு. எல்லாரும் கனமா போடுவாங்க, நான் நைஸா போட்டேன்." (அப்போதும் பெருமைதான்.)

"அது கனம் இல்லீங்க. செகண்டுக்குப் பாட்டுல எவ்ளோ மிச்சம் வெக்கணும்னு சொல்ற நம்பர். கம்மி பண்ணப் பண்ண மூச்சைத் தூக்கிப் போட்டுடும், 'ச' சத்தத்தைச் சிதைச்சுடும். பஸ் இரைச்சல்ல அவ்ளோவா தெரியாது. இயர்போன் காதுக்குள்ளயே பாடுது இல்ல, அதான் குட்டு வெளிய வந்துடுச்சு."

மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆக, சீவினதும் நீங்க, ரிஜெக்ட் பண்ண வந்ததும் நீங்க."

ஸ்டெல்லா அப்பாவிடம் திரும்பினாள். "நாளைக்கு ஓலை வாசிக்கறப்போ பொண்ணே எழுந்து ஆட்சேபணை சொல்லலாமாப்பா?"

விளையாட்டா, நிஜமா? எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆம்பூர் சர்ச்சை விட்டுவிட்டு அவர்கள் சர்ச்சில் போய் உட்கார்ந்தேன். போதகர் ஐயர் ஓலையை வாசித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்," என்றார். முன்வரிசையில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. சேலை மடிப்பைச் சரிசெய்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்கும் என் சந்தேகம் தீரவில்லை. மளிகைக்கடைக்காரர் எடை ஏமாற்றுகிறார் என்று ஆரம்பித்தால் போதும், "அப்பா, எந்த நம்பர்ல கேட்டீங்க?" என்பாள் மகள். போன வாரம் ஸ்டெல்லா திட்டிய திட்டில், "காதே வலிக்குது, கொஞ்சம் குறைச்சுக்கோயேன்," என்று கெஞ்சினேன்.

"முப்பத்திரெண்டுல போட்டுக்குங்க," என்றாள். "நைஸா இருக்கும். இடமும் கம்மியா பிடிக்கும், இன்னும் நிறைய திட்டலாம்."