பெற்றோர் ஆலோசகர் பதவியை நீயே திரும்ப எடுத்துக்கொள்

அக்-கியா கிராமம்,
ஏப்ரல் 14

நாரின் நகரத்தில் குழந்தை மருத்துவராக இருக்கும் என் அக்கா மகள், அன்பு நூர்சாத்துக்கு மாமா தோக்தோசுன் எழுதிக்கொள்வது: இங்கே நானும் உன் மாமியும் இரண்டு பசுக்களும் சென்ற வாரம் பிறந்த கன்றும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். கடிதம் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் நீ வந்தபோது, "மாமா, முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள ஓட வச்சீங்க. இப்ப சின்னப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டு, முப்பது படத்தாள்களை என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்ன தின்னலாம், என்ன கூடாது, எவ்வளவு நேரம் ஓடி ஆட வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. நானும் பள்ளிக்கூட அறையில் கூட்டம் போட்டேன். பன்னிரண்டு தாய்மாரும் ஒரே ஒரு தகப்பனும் வந்தார்கள். வெறுங்கையோடு வருவது மரியாதையில்லை என்று ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக், ஜாம், ஜிகினாத் தாள் மிட்டாய், ஆரஞ்சு நிற சோடா. படத்தாளில் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்த நான்கும் மேசைமேல் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன. தொடாவிட்டால் மனம் வருந்துவார்கள். ஆகவே எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற பகுதியை நான் ஏழு போர்சோக் தின்றுகொண்டே விளக்கினேன். அதற்குள் பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து மிட்டாயைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள்.

அடுத்த பகுதி தேநீர். சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராது என்று நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். வந்திருந்த ஒரே தகப்பன் கேனேஷ், நம் ஊர்க் கடைக்காரன், கையை உயர்த்தினான்.

"வாத்தியாரே, இரும்பா? நான் என்ன பிள்ளைக்கு ஆணியையா பொரிச்சுப் போடுறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தன் மூன்றரை வயது மகள் மீரிமைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினான். "பாருங்க, பூசணிக்கா மாதிரி இருக்கா. பல்லு மொளைச்ச நாள்லேர்ந்து பால் தேநீர்தான். உங்க படத்துல இருக்கிற பிள்ளையப் பாருங்க, காத்தடிச்சாப் பறந்துரும்!" படத்திலிருந்த பிள்ளை உண்மையிலேயே ஒல்லிதான், நூர்சாத். அடுத்த முறை கொஞ்சம் சதைப்பற்றோடு வரையச் சொல்.

பேச்சு எடுபடவில்லை, என் தொழிலையே காட்டிவிடலாம் என்று மறு வியாழக்கிழமை எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னேன். பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும், பெற்றவர்கள் உட்கார்ந்துகொண்டு 'ஓடு, ஓடு' என்றால் ஓடாது, கூடவே ஓடுங்கள் என்று சொல்லி நானே முன்னால் ஓடினேன். பனி உருகிய சேறு. பத்தாவது அடியில் வழுக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மல்லாந்துவிட்டேன். தாய்மார் அலறினார்கள். பிள்ளைகளோ இதுதான் ஆட்டம் என்று நினைத்து ஒன்றுவிடாமல் சேற்றில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்றன. இன்றுவரை ஊரில் அதற்கு 'வாத்தியார் ஆட்டம்' என்று பெயர். அன்று துவைத்த துணிக்காகப் பன்னிரண்டு வீட்டிலும் என்னைத் திட்டினார்கள். தொலைவில் இருந்த வீட்டுக் குரல்கூட எனக்குக் கேட்டது.

விழுந்து கிடந்த இடத்திலிருந்து நான் ஒன்றைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் எழுந்து மறுபடி ஓடின. மீரிம் ஓடவில்லை. பத்தடி நடந்து, மூச்சு வாங்கி, பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தாள். நகத்தால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு தடவையல்ல, மிட்டாய் தின்பதுபோல நிதானமாக. அவள் உதட்டுக்கும் அந்தச் சுவருக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவள் தாய் பூரூலிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுலயும் திங்கிறா, வாத்தியாரே. அவர்கிட்ட சொல்லிராதீங்க" என்றாள். நான் நொண்டிக்கொண்டே நேராகக் கடைக்குப் போய்க் கேனேஷிடமே சொல்லிவிட்டேன். இரும்புச் சத்து குறைந்த பிள்ளைதான் சுண்ணாம்பைத் தேடித் தின்னும், ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும், நாரினுக்குக் கொண்டுபோ என்றேன்.

"உங்க மருமக டாக்டருங்கிறதுக்காக எம்பொண்ணுக்கு நோய் வரணுமா?" என்றான் கேனேஷ். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "இனிமே எங்கிட்ட உப்பு, தீப்பெட்டின்னு வராதீங்க. பக்கத்து ஊர்க் கடைக்கு நடந்து போங்க. நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க!"

அதிலிருந்து உப்புக்கும் சோப்புக்கும் போக நான்கு, வர நான்கு கிலோமீட்டர் இந்த முழங்காலோடு நடக்கிறேன். உன் மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூட்டத்தில் மிச்சமான படத்தாள்களைக் கேனேஷ் எடுத்துப்போய் அதில் சூரியகாந்தி விதை மடித்து விற்கிறான். நாங்கள் தெருவில் எதிரெதிரே வந்தால் அவன் வானத்தைப் பார்க்கிறான், நான் என் காலைப் பார்க்கிறேன். இருபது வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

ஆகவே, நூர்சாத், யோசித்து எழுதுகிறேன். இந்த ஊரில் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. கேனேஷ் போன்ற மரமண்டை இருக்கும்வரை ஒரு பிள்ளையும் தேநீரை விடப் போவதில்லை. எனக்கு வயது அறுபத்து மூன்று. இந்தப் பதவியை நீயே திரும்ப எடுத்துக்கொண்டு, நல்ல முழங்காலும் கடைக்காரரோடு பகையும் இல்லாத வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

உன் வீட்டில் நிம்மதியும் உன் கைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆயுளும் நிறைந்திருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. மாமி உன்னை மட்டும் அன்போடு கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா தோக்தோசுன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவன் கேனேஷ். சற்று முன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். "நேத்து கடை மூலையில பொண்ண நானே பாத்தேன், வாத்தியாரே. வாயெல்லாம் வெள்ளை. மாவு தின்னிருக்கான்னு நெனச்சேன். மாவு மூட்டைய நான் இன்னும் பிரிக்கவே இல்ல" என்றான். பூரூல் வண்டியில் மீரிமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் கூட்டத்தன்றே தேநீரை நிறுத்திவிட்டாளாம், புருஷனுக்குத் தெரியாமல். இன்னும் ஐந்து தாய்மார் அப்படியே செய்கிறார்களாம், அவரவர் புருஷனுக்குத் தெரியாமல். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு கடிதம் எழுத நேரமில்லை. பதவி விஷயத்தை மறந்துவிடு. தாள் இன்னும் முப்பது கொடுத்தனுப்பு. மரமண்டை என்று எழுதிய பக்கத்தை அவன் எதிரில் வாய்விட்டுப் படித்துவிடாதே. முதலில் பிள்ளையைப் பார்.