முகூர்த்தப் புடவையின் சிவப்பு

ஆல்பத்தின் மாதிரிப் பக்கத்தை ருக்மணி கிட்டப் பிடித்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"நாங்க எடுத்துக் குடுத்தது அரக்கு. நீங்க போட்டிருக்கறது தக்காளி."

அது முகூர்த்தப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணி. மருமகள் ஹரிணி வேறு ரவிக்கை தைத்துக்கொண்டதால், மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டது.

"கொஞ்சம்தானேங்க வித்தியாசம்," என்றார் ஸ்டுடியோ உரிமையாளர் சின்னராஜ்.

"ராயக்கோட்டையில தக்காளி மண்டி வெச்சிருக்கறோம். செவப்புல எனக்குக் கொஞ்சம்னு ஒண்ணு கெடையாதுங்க. மண்டபத்துலயே ஒரு மாதிரிதான் தெரிஞ்சுது. உங்க லைட்டாலன்னு விட்டுட்டேன்."

ஹரிணி பக்கத்தில் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் சின்னராஜ் உள்ளறைக்கு வந்தார். "ரூபா, இந்த ஆல்பம் சரியா வரலன்னா நீ மறுபடி முன்னாடி கவுன்டருக்கே வந்துரும்மா."

ரூபா இயற்பியல் பட்டதாரி. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவரிடம் "கொஞ்சம் நிமிருங்க" என்று சொல்லவும் நாக்கு எழாதவள். யாரோடும் பேச வேண்டாத இந்த எடிட்டிங் நாற்காலி போன மாதம்தான் கிடைத்திருந்தது.

திரை பொய் சொல்கிறது என்று முடிவு செய்தாள். பெங்களூரிலிருந்து கலரிமீட்டர் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தாள். சோப்புக்கட்டி அளவுதான். திரையில் தொங்கவிட்டால், அது காட்டும் நிறங்களை அளந்து திருத்தும். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி ஒளிர்ந்தது.

"கம்ப்யூட்டருக்கு ஈசிஜி எடுக்கறியாம்மா?" என்றார் சின்னராஜ்.

ரூபா அளவுகளைப் பார்த்தாள். அவள் நினைத்தது சரி. திரை இத்தனை நாளும் சிவப்பை அதிகம் காட்டியிருக்கிறது. அதை நம்பி அவள் எல்லாப் படத்திலும் சிவப்பைக் குறைத்திருக்கிறாள். திரையைத் திருத்தினாள். சின்னராஜ் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா, எல்லாரும் ஐஸ்பெட்டியில இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கறாங்க?"

"ஸ்கிரீன் இப்பத்தான் சார் சரியாக் காட்டுது."

குறைத்த சிவப்பை எல்லாம் திரும்பச் சேர்த்தாள். புதிய பக்கம் அச்சாகி வந்தது. ருக்மணி துணியை வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்காவது செங்காயா இருந்துச்சு. இன்னிக்கு நல்லாப் பழுத்துடுச்சு."

அறையின் ரோஸ் நிறச் சுவர்தான் கண்ணைக் குழப்புகிறதோ? ரூபா சுவருக்கும் ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டினாள். விளக்குகளை அணைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அளவு இம்மியும் மாறவில்லை.

போட்டோ எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று இருட்டையும் கறுப்புத் துணியையும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"எப்பங்க தவறுனாங்க?" என்று சின்னராஜிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த முறை ருக்மணி வந்தபோது, காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வாக்கியத்தை ரூபா ஒருவழியாகச் சொன்னாள். "அந்தப் புடவையையே ஒரு தடவை கொண்டு வர முடியுங்களா?"

ருக்மணி மருமகளைப் பார்த்தார்.

"ட்ரை கிளீனிங் போயிருக்குதுங்கத்தே," என்றாள் ஹரிணி, கறுப்புத் துணியைப் பார்த்தபடி.

"இன்னுமா வரல?"

"லேட் பண்றாங்க அத்தே."

வேறு வழியில்லை. ரூபா படத்திலுள்ள சிவப்பை எல்லாம் மொத்தமாக அரக்காக்கினாள். குங்குமம் கரியானது. மாப்பிள்ளையின் உதடு வருடக்கணக்கில் பீடி பிடித்தவன் உதடானது. சின்னராஜ் கவுன்டர் நாற்காலியின் தூசியைத் தட்டத் தொடங்கினார்.

கடைசியில் ஒவ்வொரு படமாக எடுத்து, புடவையை மட்டும் ஓரம் பிசகாமல் தேர்ந்து நிறம் மாற்றினாள். கல்லூரி ஆய்வகத்தில் விடை வராதபோது அளவைத் திருத்தி எழுதிய தோழிகளோடு அவள் பேசாமல் இருந்ததுண்டு. இப்போது கருவி தக்காளி என்கிறது, அவள் அரக்கு பூசிக்கொண்டிருக்கிறாள். கருவி சரி, கேமரா சரி, ருக்மணியின் துணியும் கண்முன்னால் இருக்கிறது. மூன்றும் உண்மையாக இருந்து, மூன்றும் சேர்ந்து எப்படிப் பொய்யாகும்? தெரியவில்லை. தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டாள். எங்கேயாவது ஓரிடத்தில் தப்பு இருந்தாக வேண்டும். கேள்வி கேட்காத இடம் அது ஒன்றுதான்.

ருக்மணி பக்கத்தின்மேல் துணியை வைத்தார். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"இதத்தான் நான் மொதல்லருந்து சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிருக்குது."

சின்னராஜ் சிரித்தார். ரூபாவின் நாற்காலி தப்பியது. ருக்மணிக்கு மண்டியிலிருந்து போன் வந்தது. தெலுங்குக்கு மாறி, லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

ஹரிணி நாற்காலியை ரூபாவின் பக்கம் இழுத்துப் போட்டாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, அப்படியே பார்டர்ல இருக்கற மயிலை எல்லாம் அன்னமா மாத்திடுங்க. இவங்க குடுத்த புடவை மண்டபத்துல அயர்ன் பண்றப்பவே தீஞ்சுபோச்சு, நான் கட்டியிருக்கறது எங்க சித்தியோடது."